கிளாடிஸ் பெயரில் ஒரு மலர் வளையம்

சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வது கிளாடிஸின் பழக்கம். பைராம் தோட்டத்துப் பள்ளியில் முன்பல் உடைந்த அன்று எழும்பிய கை, பல்லைக் கட்டி முப்பது வருடமாகியும் இறங்கவில்லை. அந்தக் கைதான் பிற்பாடு அவளைப் பயமுறுத்தியது.

பத்து காவான் ஊர்த் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது வேலை இழந்தவள், பாலம் தாண்டித் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில் இராயப்பனின் மலர்க்கடையில் சேர்ந்தாள். கல்லறைப் பூ, மெழுகுவர்த்தி, மலர் வளையம் விற்கும் கடை. வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவது அவள் பொறுப்பு. ‘நினைவு நாள் சிறப்பு விலைக் கழிவு’ என்று எழுதினால் ஒருவரும் திறக்கமாட்டார்கள் என்பது முதல் மாதமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆகவே வளையம் வாங்க வருகிறவர்களிடம் இறந்தவரைப் பற்றி ஒரே ஒரு சங்கதி கேட்டுக் குறித்துவைத்தாள். ஒவ்வொரு நினைவு நாளுக்கும் ஏழு நாள் முன்பு ஒரு கடிதம் தானாகவே போகும். தலைப்பில், ‘கோப்பிக்கு மூன்று கரண்டி சீனி’ என்று மட்டும் இருக்கும். அப்பாவைப் பறிகொடுத்த மகள் அதைத் திறக்காமல் இருப்பாளா? செத்தவர்களே பூக்கேட்டுக் கடிதம் போடுகிறார்கள் என்று தீவெல்லாம் பேச்சு. இரண்டு கல்லறைகளில் வைஃபை இருப்பதாகவும் கேள்வி.

அந்தக் கணினி ஏற்பாட்டைச் செய்துகொடுத்தவன் ஷான். கெட்டிக்காரப் பையன். போன வருடம் பாலத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். அவனுடைய முதலாண்டு நினைவுக்கு அவன் அம்மா ஆலிஸுக்குக் கிளாடிஸ்தான் எழுதினாள்: ‘ஷான் எப்போதும் காலில் போட்ட சப்பாத்தைக் கழற்றாமல்தான் வீட்டுக்குள் வருவான். இந்த வாரம் கதவைத் திறந்தே வையுங்கள்.’ அவள் எழுதியதிலேயே அதுதான் உயர்ந்தது என்று இராயப்பன் மெச்சினார்.

அக்டோபர் கடைசித் திங்கட்கிழமை, மழை இருட்டிக்கொண்டு நின்ற காலை. அன்று போன கடிதங்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டு வந்த கிளாடிஸின் கண் ஒரு வரியில் நின்றது.

பெயர்: கிளாடிஸ். நினைவு நாள்: அடுத்த திங்கள். குறிப்பு: சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள்.

கடிதம் போன முகவரி, ஷானுடையது.

"அண்ணே, இத யாரு போட்டது?"

இராயப்பன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "கம்ப்யூட்டர் உன்கிட்ட இருக்கு, என்னைக் கேக்குறே. அடுத்த திங்களா? லீவு வேணும்னா நேரா கேளு லா."

மத்தியானம்தான் நினைவு வந்தது. மூன்று வருடத்துக்கு முன், ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்க ஷான் ஒரு பெயர் கேட்டான். "செத்தவங்க பேரப் போட்டா பாவம்க்கா. உங்க பேரப் போடுறேன், என் இமெயிலுக்கே வரட்டும். இப்ப ஒண்ணு அனுப்பிப் பாத்துட்டு, தேதிய ரொம்பத் தள்ளிப் போடுறேன், அதுக்குள்ள அழிச்சிடலாம்." குறிப்பையும் அவன்தான் குறும்பாக அடித்தான். பிறகு இருவருமே மறந்துபோனார்கள். கிளாடிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

புதன்கிழமை பதில் வந்தது. ஷானின் முகவரியிலிருந்து.

‘வெள்ளை லில்லி வளையம் ஒன்று. திங்கள் காலை பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பவும்.’

இந்த முறை சிரிப்பு வரவில்லை. கை மட்டும் வாய்க்குப் போனது.

"செத்தவன் டைப் பண்ணுவானா? அவன் அம்மாதான் மவன் இமெயிலப் பாக்குறாங்க. போன் போட்டு நீ இருக்கேன்னு சொல்லு," என்றார் இராயப்பன்.

பதினோரு முறை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வியாழனன்று கடைவரிசைக்கு முன்னால் ஐந்தடிப் பாதையில் நடந்தபோது கூரையிலிருந்து ரொட்டி டின் அகல ஓடு ஒன்று அவள் குதிகாலை உரசி விழுந்தது. வெள்ளியன்று சிவப்பு விளக்கை மதிக்காத லாரி அவள் குடையைப் பறித்துக்கொண்டு போனது. ஞாயிறு பூசையில் இறந்தோர் பெயர்களை வாசித்தபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திங்களைத் தாண்டுவோமா என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

திங்கள் காலை வளையத்தைத் தானே கட்டினாள். நாடாவில் தன் பெயரைத் தானே எழுதினாள். நேரில் போய் நின்றுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்.

வேன் ஓட்டும் ஐமான் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "யக்கா, வளையம் பின்னால, ஆளு முன்னால. எனக்கு இந்த ஜோப் வேணாம் லா."

"ரோட்டப் பாத்து ஓட்டு. இன்னிக்குப் பூரா ரோட்ட மட்டும் பாரு."

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி. ஐமான் கீழேயே நின்றுவிட்டான். மின்தூக்கியை நம்பாமல் படியேறினாள். ஆலிஸின் கதவு விரியத் திறந்திருந்தது. கதவடியில் செங்கல் முட்டுக்கொடுத்திருந்தது; அதைச் சுற்றிப் படிந்திருந்த அழுக்கைப் பார்த்தால் மாதக்கணக்கில் மூடாத கதவு. உள்ளே மேசையில் இரண்டு தட்டுச் சோறு. சுவரில் ஷானின் நினைவுக்கு அவள் எழுதிய கடிதம், அச்செடுத்துச் சட்டம் போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில்.

ஆலிஸ் எழுந்து வந்தாள். திடுக்கிடவில்லை.

"ஆன்ட்டி, அது தப்பா வந்த இமெயில். நான் சாகல. இதோ பாருங்க, உயிரோடதான் இருக்கேன்." பதற்றத்தில் சிரிப்பு வந்தது. கை வாய்க்குப் போனது.

ஆலிஸ் அந்தக் கையையே பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"நீதான். எழுதியிருந்த மாதிரியே பொத்துறே." வளையத்தைப் பூப்போல வாங்கி மேசையில் வைத்தாள். மூன்றாவது தட்டை எடுத்தாள். "கூப்பிட்டா வருவாங்கன்னு தெரியும். வா, உக்காரு."

"ஆன்ட்டி..."

"அவன் உன்கூட வரலியா?"

கிளாடிஸ் வாயைத் திறக்குமுன் கீழே படிக்கட்டில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது. ஐமானாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் அவன் எப்போதும் ரப்பர் செருப்புதான் போடுவான். இது சப்பாத்துச் சத்தம்.