ஏழாம் இலக்கத்தை விட்டுவிட்டார்கள்

இந்த நாட்டில் பந்து விளையாடாத மாதங்களில்தான் பந்தைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். ஒக்ரோபர் தொடக்கத்தில் இறுதிப் போட்டி முடிந்துவிடும். அதன்பின் மார்ச் வரை மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் விடுவதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கங்கள் குறைவதில்லை. நான் எண்ணிப் பார்த்தேன்: ஆட்டம் நடக்கும் வாரத்தில் ஒன்பது, நடக்காத வாரத்தில் பதினொன்று. யாரை வைத்திருப்பது, யாரை அனுப்புவது, யாரை வேறு அணியிலிருந்து எடுப்பது என்பதே பேச்சு. வெஸ்ட்மீட்டில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் நெவில் இந்தப் பேச்சைச் செவ்வாய்க்கிழமை காலையில் தொடங்குவார். அன்றுதான் குப்பைத் தொட்டிகளை றோட்டோரம் வைக்கவேண்டும். சிவப்பு மூடி ஒவ்வொரு வாரமும். மஞ்சளும் பச்சையும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். எங்கள் வாசலிலிருந்து றோட்டுக்குப் பதினேழு காலடி. நான் தொட்டியை இழுத்துக்கொண்டு போய்ச் சேரும்போது, ஓய்வுபெற்ற பஸ் சாரதியான நெவில் தன் தொட்டியின் மூடியில் முழங்கையை ஊன்றியபடி காத்துக்கொண்டிருப்பார்.

புட்போல் என்று பெயர், ஆனால் பந்து காலில் படுவது குறைவு. கொழும்பில் நாங்கள் றகர் என்று சொன்ன ரக்பி ஆட்டத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன். ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். அதில் ஏழாம் இலக்கச் சட்டை போட்டவர்தான் மூளை. பந்து யாரிடம் போகவேண்டும், எப்போது உதைக்கவேண்டும் என்று அவர் காட்ட, மற்றப் பன்னிரண்டு பேரும் ஓடுவார்கள். இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஆட்டம் முடிந்த அந்த மாதங்களில் எங்கள் பகுதி அணியின் ஏழாம் இலக்கத்துக்கு முப்பத்தொரு வயது, ஒரே முழங்காலில் இரண்டு அறுவைச் சிகிச்சை. அவரை அனுப்பிவிட்டு, குயின்ஸ்லாந்தில் இருக்கும் இருபது வயதுப் பையன் ஒருவனை எடுக்கவேண்டும் என்பது நெவிலின் கட்சி. "கிழவனாகிவிட்டான், மேட்" என்றார் எழுபத்தொரு வயதான என்னிடம். பிறகு ஒருநாள், "அவனே ரிலீஸ் கேட்டிருக்கிறானாம்" என்றார். நான் திடுக்கிட்டு, "என்ன குற்றம் செய்தார்?" என்று கேட்டேன். நெவில் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒப்பந்தம் முடியுமுன் அணியை விட்டுப் போக அனுமதி கேட்பதற்கும் இங்கே அதே சொல்தானாம்.

எனக்கு அந்தச் சொல்லுக்கு ஓர் அர்த்தம்தான் இருந்தது. ஞாயிறுகளில் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் பூசை முடிந்ததும் நான் தடுப்பு முகாமுக்குப் போவேன். படகில் வந்தவர்களுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்று கோயிலில் கேட்டபோது கையைத் தூக்கியவன் நான். அப்படி அறிமுகமானவர்தான் கருணாகரன். முல்லைத்தீவுப் பக்கம் உழவு இயந்திரம் திருத்துகிறவர். மனைவி ஜெயந்தியும் மகள் யாழினியும் வவுனியாவில். அவரை அகதி என்று அரசாங்கம் ஏற்றுக்கொண்டாயிற்று. ஆனால் பாதுகாப்புச் சோதனையில் சரிவரவில்லை என்று ஒரு கடிதம் வந்தது. காரணம் சொல்லவில்லை. எவ்வளவு காலம் என்றும் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டியவனும் நான்தான். மொத்தம் ஆறு வாக்கியங்கள்.

முகாம் தொலைக்காட்சியில் பந்து பார்த்துப் பார்த்துக் கருணாகரன் எங்கள் பகுதி அணியின் ஆதரவாளராகியிருந்தார். ஒரு ஞாயிறு, நான் கூட இருக்கும் மகனின் கார் பழுதாகி, நெவில் தன் காரில் என்னைக் கூட்டிப்போனார். பார்வையாளர் முற்றத்தில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் இரண்டு பேரும் ஏழாம் இலக்கத்தில் தொடங்கிவிட்டார்கள். இடையில் மொழிபெயர்ப்பாளனாக நான்.

"முழங்கால் போச்செண்டா ஆளைத் தூக்கி எறியிறதோ? அவன்ர மண்டைக்கு என்ன வந்தது? அந்த இருபது வயசுப் பெடியனுக்கு உதைக்கத்தான் தெரியும், எப்ப உதைக்கிறதெண்டு தெரியாது. சொல்லுங்கோ அங்கிள் அவருக்கு."

சொன்னேன். நெவில் தலையாட்டி மறுத்தார். ரசிகர்கள் எல்லோருமே அவனை விடச் சொல்லித்தான் வானொலிக்கு அழைத்துக் கத்துகிறார்கள் என்றார். அதையும் சொன்னேன். கருணாகரன் சிரித்தார்.

"அவனை ரிலீஸ் பண்ணச் சொல்லி இவ்வளவு சனம் கேக்குது. எனக்கு ஒராள் கேட்டாக் காணும்."

என்ன சொல்கிறார் என்று நெவில் கேட்டார். ஏழாம் இலக்கத்தை வைத்திருக்கத்தான் வேண்டும் என்கிறார் என்று சொன்னேன். நகைச்சுவையை மொழிபெயர்க்க எனக்கு வராது. ஆனால் தன்னை விடச் சொல்லி ஓர் ஆள் கேட்டால் போதும் என்றதைத் திரும்பும் வழியில் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் நெவில், கருணாகரனை விடும்படி தன் தொகுதி எம்.பி.க்குத் தானே ஒரு கடிதம் எழுதினார். நான் வாக்காளன் அல்லன், அவர் வாக்காளர். பதில் வந்தால் உடனே சொல்கிறேன் என்றார். அதன்பிறகு கருணாகரனை "நம்ம ஆள்" என்றே சொல்வார்.

ஏழாம் இலக்கத்தையும் கோபத்தில் அப்படித்தான் சொல்வார் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. நெவில் தொட்டியடியில் இல்லை, கார் இல்லை. எங்கள் தபால் பெட்டியில் ஒரு துண்டுக் கடிதம். மகள் வீட்டுக்குப் போகிறேன், இரவு வந்துவிடுவேன் என்று எழுதி, கீழே: "நம்ம ஆளை ரிலீஸ் பண்ணிவிட்டார்கள். ஒருவழியாக." நேரம் ஏழு இருபது. கருணாகரன் உள்ளே போய் எண்ணூற்று முப்பத்தாறாம் நாள்.

நான் இலங்கைப் புகையிரதச் சேவையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். கடைசிப் பதினெட்டு வருடம் நிலைய அதிபர். ஒற்றைப் பாதையில் ரெப்லெட் என்ற வட்டத் தகடு சாரதியின் கைக்குப் போகாமல் ரயில் நகரக்கூடாது. அந்தத் தகடுதான் முன்னால் பாதை வெறுமையாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. ஒருநாள்கூட நான் அது இல்லாமல் ரயிலை விட்டதில்லை. அன்றும் விட்டுவிடவில்லை என்றுதான் நினைத்தேன். நெவிலின் கைத்தொலைபேசிக்கு மூன்று முறை எடுத்தேன், அணைத்து வைத்திருந்தார். முகாமுக்கு எடுத்தேன். யாரோ ஒரு தமிழ்க் குரல்.

"கருணாண்ணை இல்லை. விடியவே கூட்டிக்கொண்டு போட்டாங்கள்."

"எங்க தம்பி?"

"தெரியாது அங்கிள். எங்களுக்கு ஆர் சொல்லுறது?"

ஒரு கடிதம், ஒரு குரல். இரண்டு அத்தாட்சி. வவுனியாவில் அப்போது விடியவில்லை. அங்கே ஆறு மணி ஆகும் வரை நான்கு மணித்தியாலம் பத்து நிமிடம் கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பதினொன்றரைக்கு, கருணாகரன் முன்பே தந்திருந்த இலக்கத்துக்கு எடுத்துச் சொன்னேன்.

"உண்மையோ ஐயா?" என்றார் ஜெயந்தி. பிறகு உள்ளே பார்த்து, "பிள்ளை, எழும்பு! அப்பாவை விட்டாச்சு!" என்ற சத்தம். ஓடிவரும் கால்கள். மறுபடி ஜெயந்தி: "இப்ப உங்கட வீட்டயோ நிக்கிறார்? சாப்பிட்டவரோ?"

"வந்துகொண்டிருப்பார்" என்றேன்.

மருமகள் சோற்றுக்கு இன்னும் ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டாள். என் அறையில் இன்னொரு பாய் விரித்தேன். ரயிலில்தான் வருவார் என்று நினைத்து நிலையத்துக்கு நடந்து, ஆறு ரயில்கள் பார்த்துத் திரும்பினேன். ஐந்து மணிக்குக் கைத்தொலைபேசி அடித்தது. கருணாகரன்.

"எங்க நிக்கிறீர்? ஸ்டேசனிலயோ?"

"என்ன ஸ்டேசன்? காலமை முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுக்கக் கொண்டு போனவங்கள் அங்கிள். இப்பதான் கொண்டுவந்து விட்டவங்கள்." குரலில் நல்ல உற்சாகம். "அது கிடக்கட்டும். ஏழாம் நம்பரை விட்டிட்டாங்கள், கேள்விப்பட்டனீங்களோ? ரெண்டு வருசம் இங்கிலாந்தில விளையாடப் போறானாம். கேட்டு ஒம்பது நாளில விட்டிட்டாங்கள்!"

எண்பத்தாறில் நான் மதவாச்சியில் இருந்தபோது ஒரு பெண் மாலை ரயிலுக்கு வருவாள். தெற்கே முகாமிலிருந்து அவள் புருஷனை விட்டுவிட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இருபத்து மூன்று நாள் வந்தாள். கடைசிப் பெட்டியும் போனபின் என்னைப் பார்த்துவிட்டுப் போவாள். அவளிடம் அந்தச் சொல்லைச் சொன்னவன் யாரோ, அவன் நாசமாய்ப் போக என்று அந்த மேடையில் நின்று நான் திட்டியிருக்கிறேன். இருபத்தைந்து வருடம் கழித்துத்தான் அவனைச் சந்தித்தேன்.

ஜெயந்தியிடம் என்ன சொல்லிவிட்டேன் என்பதைக் கருணாகரனிடம் சொன்னேன். "நீங்கள் இனி ஒண்டும் சொல்லாதேங்கோ. நான் கதைக்கிறன்" என்று வைத்துவிட்டார். அன்றிரவு வந்த நெவில் என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டறிந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு "ஜீசஸ், மேட்" என்று இரண்டு முறை சொன்னார். அவரிடம் பிழை இல்லை. அவர் எழுதியதில் எழுத்துப் பிழைகூட இல்லை.

நான்கு ஞாயிறு கருணாகரன் என்னைப் பார்க்க வரவில்லை. "வர விருப்பமில்லையாம்" என்று காவலர் சொல்வார். ஐந்தாவது ஞாயிறு வந்தார். நான் சொல்ல வைத்திருந்த எதையும் சொல்ல விடவில்லை.

"ஜெயந்திக்குச் சொல்லிப்போட்டன். பிள்ளைக்குச் சொல்லேல்லை. சொல்ல முடியேல்லையாம் அவளுக்கு. பிள்ளை சந்தோசத்தில பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிப்போட்டுதாம்." கதிரையை முன்னுக்கு இழுத்தார். "நான் உங்கட வீட்டில இருக்கிறன் எண்டு பிள்ளை நினைச்சுக்கொண்டிருக்கு. ஒவ்வொரு நாளும் கேக்குது, என்ன செய்யிறியள் அப்பா எண்டு. அங்கிள், உங்கட வீட்டில எத்தினை அறை?"

மூன்று அறை என்றேன். ஜன்னல்? ஏழு. வாசலில் மரம்? ஒரு தேசி, காய்க்கவில்லை. நான் எண்ணி வைத்திருந்ததையெல்லாம் கேட்டார். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒருவரும் என்னிடம் கேட்காதவை.

அந்தத் துண்டுக் கடிதம் வந்து ஐம்பது செவ்வாய்க்கிழமைகள் போய்விட்டன. அவர் உள்ளே போய் இன்றோடு ஆயிரத்து நூற்று எண்பத்தாறு நாள். எம்.பி.யிடமிருந்து பதில் இல்லை. குயின்ஸ்லாந்துப் பையன் எப்போது உதைப்பதென்று தெரியாமல் ஒரு பருவம் முழுக்க உதைத்தான். அவனை அனுப்பவேண்டும் என்று நெவில் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார். யாழினி படம் அனுப்பச் சொல்கிறாளாம். இன்னும் எத்தனை மாதம் சமாளிக்கலாம் என்று எனக்குக் கவலை. அந்தக் கணக்கு எனக்குப் போடத் தெரியவில்லை.

முந்தாநாள் ஞாயிறு, நேரம் முடிந்து எழும்பும்போது கருணாகரன் கேட்டார்: "இந்தச் செவ்வாய் மஞ்சளோ பச்சையோ?"

"பச்சை."

இன்று காலை நான் சிவப்புத் தொட்டியை மட்டும் கொண்டுபோய் வைத்தேன். நெவில் பச்சைத் தொட்டி எங்கே என்று கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன். அதைப் பதினேழு காலடியும் தானே இழுத்துக்கொண்டு போய் வைத்ததாக, பின்னேரம் கருணாகரன் வவுனியாவுக்குச் சொல்வார்.