பழுப்புக் குள்ளனுக்கு ஒரு ஸ்தோத்திர காணிக்கை

என் ஆராய்ச்சியைப் பற்றி அம்மாவிடம் நான் வாயே திறந்திருக்கக் கூடாது.

பழுப்புக் குள்ளன் என்பது விண்மீனாக ஆகப் பார்த்து, எடை போதாமல், உள்ளே எரியத் தொடங்காமலேயே நின்றுபோன பொருள். கண்ணுக்குத் தெரியாது. மிச்சச் சூடு மட்டும் அகச்சிவப்புப் படங்களில் மங்கலாகத் தெரியும். விண்வெளித் தொலைநோக்கி பல வருட இடைவெளியில் வானம் முழுக்க எடுத்த படங்களை மடிக்கணினியில் மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் என் வேலை. ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால், அது நமக்குப் பக்கத்தில் உள்ள பழுப்புக் குள்ளனாக இருக்கலாம். சூலூரில், எங்கள் தெருத் தறிச் சத்தத்துக்கு நடுவே கண் பூத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது ஒரு புள்ளி நகர்ந்தது. என் முனைவர் பட்டமே அதை நம்பித்தான். பெரிய தொலைநோக்கியில் பார்த்து உறுதியாகும்வரை யாரிடமும் மூச்சு விடாதே என்றார் நெறியாளர். நானும் விடவில்லை, அம்மாவிடம் தவிர.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் போதகர் ஸ்தோத்திர காணிக்கை படைத்தவர்களின் பட்டியலை வாசித்தார். குழந்தை பிறந்ததற்காக ஒரு குடும்பம், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக ஒரு குடும்பம். அப்புறம், "தங்கள் மகள் புதிய நட்சத்திரம் கண்டுபிடிக்கக் கிருபை செய்த தேவனுக்கு" என்று எங்கள் குடும்பம். சபையே திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"அம்மா, அது நட்சத்திரமே இல்லீங்க! இன்னும் உறுதிகூட ஆகலீங்க!" என்று வீட்டுக்கு வந்து கத்தினேன்.

"நட்சத்திரமாகாமப் போச்சுன்னு எழுதிக் குடுத்தா நல்லாவா இருக்கும் கண்ணு?"

அதன்பின் நிம்மதி ஏது! மளிகைக் கடைக்காரர் விடவில்லை. "ஏனுங் அம்மணி, உங்க நட்சத்திரம் எங்கூட்டு மொட்டை மாடியிலிருந்து தெரியுங்களா?" தெரியாதுங்க என்றால், அப்புறம் நீங்க மட்டும் எப்படிப் பார்த்தீங்க என்று சந்தேகமாகப் பார்ப்பார். பாடகர் குழு அக்கா ஒருத்தர், என்ன பேர் வைக்கப் போறீங்க என்று வாராவாரம் கேட்டார். எரிச்சலில் கோயிலுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்து பெரிய தொலைநோக்கியின் முடிவு வந்தது. நகரும் பொருள் என்று எதுவுமே இல்லை. வெகுதூரத்து விண்மீன் திரள்கள் இரண்டு ஒட்டினாற்போல் இருந்திருக்கின்றன. அதில் ஒன்றின் ஒளி கூடிக் குறைய, மங்கலான படத்தில் ஒரே புள்ளி நகர்ந்ததுபோல் தெரிந்திருக்கிறது. இந்தத் தொலைநோக்கி இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டது.

அடுப்படியில் போய் அம்மாவிடம் கொட்டினேன். "ஒண்ணுமே இல்லீங்க அங்க. பட்ட பாடெல்லாம் வீண். போதகர்கிட்டப் போயி உங்க காணிக்கையைத் திருப்பி வாங்கிக்குங்க!" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டார். "ஆண்டவருக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? நல்லாருக்குது நாயம். காணிக்கை போட்டது போட்டதுதான். நீ இன்னொண்ணைக் கண்டுபுடிச்சுப்போடு."

வந்த ஆத்திரத்தில் தோசையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அறைக்குப் போய், கதவை அறைந்து சாத்திவிட்டு, அடுத்த படத்தைத் திறந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தோசைத் தட்டு மடிக்கணினிக்குப் பக்கத்தில் வந்தது. அம்மா போகவில்லை. என் தோளுக்கு மேலே குனிந்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எதாச்சும் நகருதா கண்ணு?"