பதின்மூன்று பேர் ஆட்டமும் பதினைந்து பேர் ஆட்டமும்

கேகாலையில் ஒரு ரக்பி அணிக்குள் நான் நுழைந்தது திறமையால் அல்ல. யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வாளிகளைச் சுமந்து சுமந்து என் கழுத்தும் தோளும் ஒன்றாகிப் போயிருந்தன. பால் ஏற்ற வந்த லொறி டிரைவர் அந்த அணியின் தலைவர். சிங்களவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஓடத் தெரியுமா என்று கேட்டார். மாடு விரட்டினால் ஓடுவேன் என்றேன். அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

அது பதினைந்து பேர் ஆடும் ரக்பி. தலையைக் குனிந்து தோளோடு தோள் கோத்து எதிரணியைத் தள்ளும் கும்பலில் என்னை நிறுத்தினார்கள். பந்து எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிவதற்குள் ஆட்டம் வேறு பக்கம் போய்விடும். அணியின் பேஸ்புக் படங்களில் என் பின்பக்கம் மட்டும்தான் இருக்கும். அக்கா ஒருமுறை போனில் பெரிதாக்கிப் பார்த்து, காற்சட்டையில் இருந்த தையலை வைத்து என்னை அடையாளம் கண்டுபிடித்தாள்.

இந்த நிலையில்தான் வரக்காப்பொலவில் புதிதாகத் தொடங்கிய ஓர் அணி என்னைக் கூப்பிட்டது. அவர்கள் ஆடியது பதின்மூன்று பேர் ரக்பி. ஆள் குறைவு, பந்து அடிக்கடி கைக்கு வரும், முகம் தெரியும் என்றார்கள். முகம் தெரியும் என்றதும் மறுபேச்சு பேசாமல் போனேன். தோட்டத்தில் எல்லோரிடமும், ரக்பியில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்ததாகச் சொல்லி வைத்தேன்.

இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. பதினைந்து பேர் ஆட்டத்தில் எதிராளி உங்களை விழுத்தினால், விழுந்த இடத்திலேயே பந்தை விட்டுவிட வேண்டும். இரண்டு பக்கமும் பாய்ந்து பிடுங்கும். பதின்மூன்று பேர் ஆட்டத்தில் அப்படியில்லை. விழுந்தவன் நிதானமாக எழும்பி, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டுவான். பின்னால் நிற்கும் சொந்த ஆள் எடுத்துக்கொள்வான். அதுவரை எதிரணி தொடாது. முதல் சில ஆட்டங்களில் பழைய ஞாபகத்தில் விழுந்தவன் மேலெல்லாம் பாய்ந்து பிடுங்கினேன். நடுவர் விசில் ஊதியது பெரும்பாலும் எனக்காகத்தான். பிறகு பழகிவிட்டேன். மரியாதையான ஆட்டமாகவே தெரிந்தது.

அந்த அணி நீடிக்கவில்லை. பாதிப் பேர் வேலைக்கு வெளிநாடு போனார்கள். நான் பழைய தலைவரிடம் திரும்பிப் போனேன். அவர் எதுவும் கேட்காமல் ஜெர்சியைக் கொடுத்தார். ஆள் பற்றாக்குறையால் இந்த முறை என்னைக் கடைசியில், எங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் காவலுக்கு நிறுத்தினார். அந்தக் கோட்டைத் தாண்டி எதிரணி பந்தைத் தரையில் அழுத்தினால் அவர்களுக்குப் புள்ளி. முகம் தெரியப்போகிறது என்று அக்காவையும் மச்சானையும் ஆட்டத்துக்கு வரச் சொன்னேன். தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு வேனில் வந்தார்கள்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். நாங்கள் சற்றே முன்னணியில் இருந்தோம். எதிரணி உயரே உதைத்த பந்து நேராக என் கைக்கு வந்தது. பிடித்தேன். ஒருவன் வந்து என்னை விழுத்திவிட்டு விலகினான். நான் எழும்பினேன். பந்தை அழகாகத் தரையில் வைத்தேன். காலால் பின்னுக்கு உருட்டினேன்.

என் பின்னால் எங்கள் ஆள் யாரும் இல்லை. எங்கள் கோடுதான் இருந்தது. பந்து கோட்டைத் தாண்டிப் போக, எதிரணிக்காரன் ஒருவன் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடி அதன் மேல் விழுந்தான். அவர்கள் வென்றார்கள். எங்கள் பக்கம் சத்தமே இல்லை. அதில் லயத்துக்காரர்கள் மட்டும் எழும்பி நின்று கை தட்டினார்கள்.

தலைவர் மெதுவாக நடந்து வந்தார். அது என்ன மல்லி என்று சிங்களத்தில் கேட்டார்; மல்லி என்றால் தம்பி. பழக்கம் என்றேன். போய்ப் பந்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில், கரவனெல்ல தாண்டியதும் வேனில் அக்காதான் ஆரம்பித்தாள்.

“நீ குடுத்த பந்துலதானே அந்தத் தம்பி ஜெயிச்சான்?”

“ஆமாக்கா.”

“பெறகு ஏன் ஒன்ன யாரும் தூக்கல?”

“அவன் எங்க ஆள் இல்லக்கா.”

“அப்ப அவனுக்கு ஏன்டா குடுத்த?”

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்குவது தெரிந்தது. கடைசியில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

என்னை நீக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். நீக்கவில்லை. அடுத்த பயிற்சியில் தலைவர், விழுந்தவனிடம் எழும்ப வேண்டாம் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டார். சிங்களத்தில் சொன்னாலும் எனக்கு நன்றாகவே புரியும். ஆனால் அவசரத்தில் தாய்மொழிதான் காதில் ஏறும் என்பது அவர் எண்ணம். சொல்லிக்கொடுத்தேன். அதன்பிறகு நான் விழும்போதெல்லாம், பதினான்கு சிங்களப் பையன்கள் கேகாலை மைதானம் அதிர, “எந்திரிக்காத!” என்று கத்தினார்கள். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. நானும் எழும்பவில்லை. அந்தப் பருவத்தில் சில ஆட்டங்கள் வென்றோம். ஒன்றில் பந்தைப் பிடுங்கியதற்காக என்னைத் தோளில்கூடத் தூக்கினார்கள். பாரம் தாங்காமல் உடனே இறக்கியும் விட்டார்கள்.

முழங்கால் போனதும் ஆட்டத்தை விட்டேன். இப்போது வரக்காப்பொலவில் டயர் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டார், மாப்பிள்ளை இரண்டு வகை ரக்பியும் ஆடியவராமே என்று மச்சானிடம் விசாரித்தார்களாம். ஆமாம், ஒரே நாளில் இரண்டையும் ஆடியவர் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர்கள் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள்.