சுவரைத் தொடாத வேர்

தாம்பரத்தில் எங்கள் வீட்டு காம்பவுண்டு சுவரில், கேட் ஓரமாக விரிசல் விட்டது. அருகில் நின்ற புங்கமரத்தின் வேர்தான் காரணம் என்று முடிவு செய்தேன். பதினெட்டு வருடங்களுக்கு முன் என் மனைவி நட்ட மரம் அது.

"கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

அவள் கூடுவாஞ்சேரிக்குத் தங்கை வீட்டுக்குப் போன நாளில், ஆள் வைத்து மரத்தை வெட்டிவிட்டேன். திரும்பி வந்தவள், "பூ விட்டிருந்துச்சே" என்று மட்டும் சொன்னாள்.

மறுவாரம் நர்சரியில் வேர் பரவாத மரமாகக் கேட்டு, ஒரு பவளமல்லிக் கன்று வாங்கினேன். சுவரோரமாகக் குழி தோண்ட வந்தவர் பாதியில் நிமிர்ந்தார்.

"வேரு செவுராண்ட வரவே இல்ல சார். உள்ள பைப்பு உடைஞ்சிகீது, மண்ணு எறங்கிப்போச்சு. மரத்த வெட்டச் சொல்லி எவன் சார் சொன்னது?"

டீ கொண்டுவந்த மனைவி, "சார்தான்" என்றாள். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு தலை குனிந்துகொண்டார்.

"புங்கங்கன்னே வாங்கிட்டு வரட்டுமா?" என்று அவளிடம் கேட்டேன்.

"வேணாம். வேர் பரவாததுன்னு தேடித்தானே வாங்கினீங்க? இதையே வைங்க."

பைப்பை மாற்ற அரை மணி நேரம்தான் ஆனது. என் கணிப்பு தவறியதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால், அவள் இல்லாத நாளாகப் பார்த்து வெட்டினேனே, அதுதான் உறுத்துகிறது. என் முடிவில் எனக்கே நம்பிக்கை இருந்திருந்தால், அவள் வரும்வரை காத்திருந்திருப்பேன்.