ஈதர் வராத மூன்று நாட்கள்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்ன கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் கெமிஸ்டாக இருந்தேன். ஸ்பிரிட்டிலிருந்து, அதாவது எரிசாராயத்திலிருந்து, ஈதர் எடுப்பதுதான் வேலை. ஸ்பிரிட் ஆவியை, அலுமினா குண்டுகள் நிரப்பிய குழாய் வழியாக இருநூற்று நாற்பது டிகிரியில் அனுப்புவோம். அலுமினாவின் மேல் இரண்டு ஸ்பிரிட் மூலக்கூறுகள் சேர்ந்து, தண்ணீரைக் கழற்றிவிட்டு ஒரு ஈதராகும். அலுமினா செலவாகாது, லீவும் கேட்காது. எங்களைவிட அதன் மேல்தான் மேனேஜருக்குப் பிரியம்.

அவர் துணி மில்லிலிருந்து வந்தவர். வந்த இரண்டாம் வாரமே உற்பத்தியைப் பெருக்க வழி கண்டுபிடித்துவிட்டார்.

"சூடு ஏத்தினா வேகமா நடக்கும். முன்னூத்தி எம்பதுக்கு ஏத்துங்க."

அந்தச் சூட்டில் வேறு ஏதோ வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் புரொபேஷனில் இருந்தேன். "சரி சார்" என்றேன்.

மூன்று நாள் ஸ்பிரிட் வழக்கம்போல் உள்ளே போனது. ஈதர் மட்டும் வரவில்லை. மேனேஜர் துப்பறிந்தார். ஸ்பிரிட் காணோம் என்றால் யாரோ குடித்திருக்க வேண்டும். ஆபரேட்டர் ஏசுதாஸைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் வாயை ஊதச் சொன்னார். ஏசுதாஸ் பொன்னேரிக்காரர், சொட்டுகூடத் தொடாதவர்.

"இன்னா சார் இது? மூணு டிரம்மு நான் ஒருத்தனே குடிச்சிருந்தா இப்டி நின்னுகினு பேசுவனா?"

"பழகினவன் நிப்பான்" என்ற மேனேஜர், சஸ்பென்ஷன் ஆர்டரை டைப் அடிக்கச் சொன்னார்.

கேட்டுக்குப் போகும் வழியில் ஏசுதாஸ் என்னிடம் வந்து நின்றார். "சார், வென்ட் பைப்பு மூணு நாளா புஸ்ஸுனு கத்திகினே கீது. முன்னே கம்முனு இருக்கும். நீங்களாவது பாருங்க."

எனக்குக் கூசியது. வென்ட் பைப்பில் வெளியேறிய வாயுவைப் புரோமின் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். பழுப்பு நிறம் உடனே வெளுத்தது. அப்படி வெளுக்கவைத்தது எத்திலீன் வாயு! அதிகச் சூட்டில் ஒவ்வொரு மூலக்கூறும் தனியாகவே தண்ணீரைக் கழற்றி வாயுவாகி, ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும் கண்டென்சரில் சிக்காமல் வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

மேனேஜரிடம் காட்டினேன். "புரோமின் பழசா இருக்கும்" என்றார்.

யாரையும் கேட்காமல் சூட்டை இருநூற்று நாற்பதுக்கு இறக்கினேன். சாயங்காலம் ஈதர் கொட்ட ஆரம்பித்தது. மேனேஜர் ஓடி வந்தார்.

"பாத்தீங்களா? அவன் வெளிய போனதும் சரியாயிடுச்சு!"

அவர் கண்ணெதிரிலேயே மறுபடி முன்னூற்று எண்பதுக்கு ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் ஈதர் நின்றது, வென்ட் சீறியது.

"ஏசுதாஸ் கேட்டுக்கு வெளிய இருக்காரு சார். இப்ப யார் குடிக்கறா?"

ஆர்டர் கிழிபட்டது. மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த மாத ரிப்போர்ட்டில், தன் இடைவிடாத கண்காணிப்பால் சரியான வெப்பநிலை கண்டறியப்பட்டதாக மேனேஜர் எழுதினார். ஹெட் ஆபீஸ் பாராட்டியது.

பாராட்டு அவருக்கே இருக்கட்டும். முதல் நாள் அந்த "சரி சார்" சொன்னவன் நான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தெரிந்ததை அப்போதே சொல்லிவிடுங்கள். நீங்கள் சும்மா இருந்தால், வாயை ஊதிக் காட்டுவது வேறொருவராக இருக்கும்.