அண்ணன் கடைசியாகச் சொன்னது

மலேசியாவில் பகாவ் பக்கத்தில் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளை இடிக்க புல்டோசர் வந்த அன்று, அதன் முன்னால் மல்லாந்து படுத்தவர் அவர். அன்றிலிருந்து எல்லாருக்கும் அவர் புரட்சி அண்ணன். கல்யாணம் காட்சி இல்லாத மனுஷன். ஆஸ்பத்திரியில் உயிர் போகும்போது கூட இருந்தது, பக்கத்து வீட்டுக்காரியான நான் மட்டும்தான். அதுவே எனக்கு வினையாகப் போனது.

எரித்த சாம்பல் ஆறவில்லை, அண்ணன் இடத்துக்கு இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். ஒருவர் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பழைய மண்டோர். இன்னொருவர் லாரி ஓட்டுகிறவர். அன்றைக்கு அண்ணனோடு நின்றவர்கள்தான் இருவரும். லயத்தில் பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். வீட்டைக் காலி செய்யச் சொல்லி நிர்வாகம் மறுபடியும் ஆள் அனுப்பியிருந்தது. அதைப் பற்றிப் பேச ஒருத்தருக்கும் நேரமில்லை. சாகும்போது அண்ணன் யார் பேரைச் சொன்னார், அதுதான் பேச்சு.

மண்டோர் வீட்டுக்கு வந்து, நன்றாக யோசித்துச் சொல்லும்படி சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். சிரிப்பா அது! லாரிக்காரர் சிரிக்கவில்லை. செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்க நான் தனியாகத்தான் போகிறேனா என்று விசாரித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் காட்டில் ஒரு மட்டை விழுந்தாலும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

கருமக்கிரியை அன்று கோயில் வாசலில், எல்லார் முன்னாலும் என்னை நிறுத்திக் கேட்டார்கள். யார் பேரைச் சொன்னாலும் மற்றவர் ஆட்கள் சும்மா விடமாட்டார்கள். பொய் சொல்லத் தைரியமில்லாமல்தான் உண்மையைச் சொன்னேன்.

"யாரு பேரையும் சொல்லல. என் கையப் புடிச்சிக்கிட்டு, பயமா இருக்கு தங்கச்சினு சொன்னாரு. அவ்ளோதான்."

அண்ணனாவது பயப்படுவதாவது, இவள் புளுகுகிறாள் என்றார் மண்டோர். ஆமாம், புளுகுதான் என்றார் லாரிக்காரர். அண்ணன் போன பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். கூட்டமும் தலையாட்டியது.

இப்போது லயத்தில் என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இன்று காலை கதவைத் திறந்தபோது, லயத்தின் கோடியில் புல்டோசர் நின்றது. அதை யார் தலைமையில் மறிப்பது என்று கோயில் வாசலில் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அதன் முன்னால் ஒருவரும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு சொல்லக்கூட ஆளில்லை.