இரைச்சலை அடைத்த பெட்டி

அம்மா அந்த ரேடியோ இரைச்சலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அண்ணை சரக்குக் கப்பலொன்றின் வானொலி அறையில் வேலை செய்தவர். நடுக்கடலிலிருந்து அவர் கொழும்போடு கதைப்பதைக் குருநகர் வீட்டில் இருந்தபடியே நாங்கள் கேட்போம். உடைத்த கப்பலொன்றிலிருந்து மாமா வாங்கி வந்த பெரிய ரேடியோப் பெட்டியில் அது பிடிக்கும். காற்று, சரக்கு என்று அண்ணை எதைச் சொன்னாலும் அம்மாவுக்கு அது கடிதம்தான்.

ஒரு புயலுக்குப் பிறகு அந்தக் குரல் வரவில்லை. அம்மா பெட்டியடியை விட்டு எழும்பவுமில்லை. பகல் முழுக்க வெறும் இரைச்சல். அதற்குள் அண்ணை இருமுவது கேட்கிறது என்றார். இலை அசைந்தாலே பயப்படுகிற பிள்ளை நான். அண்ணையோடு அம்மாவும் போய்விடுவாரோ என்று சோறு இறங்காமல் கிடந்தேன்.

ரேடியோ திருத்துகிற மாமா, அம்மாவின் தம்பி, ஒரு வழி கண்டார். அந்தப் பெட்டியில் ஸ்குவெல்ச் என்றொரு பகுதி உண்டு. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள் நான், மாமா சொன்ன அளவுதான் தெரியும்: குரல் இல்லாத நேரம் இரைச்சலை அடைத்து வைக்கிற கதவு மாதிரி அது. பழசாகிப்போய் அது சரியாக மூடாது, எங்கோ மின்னல் அடித்தாலும் அகலத் திறந்து கரகரக்கும். ஒவ்வொரு கரகரப்புக்கும் அம்மா “மோனே” என்று பாய்வார். மாமா பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே எதையோ மாற்றி, ஒரு சின்னத் திருகை இறுக்கிக்கொண்டே போனார். வீடு அடங்கியது.

“இனி அவன் கதைச்சால் மட்டும்தான் திறக்கும், அக்கா. எழும்பி ஒரு வாய் சாப்பிடுங்கோ.”

“உன்ரை பெட்டிக்கு என்னைவிடக் காது கூடவோ?”

“உங்கடை காது பசியிலை மயங்கிக் கிடக்கு. அதுக்குப் பசியில்லை.”

அம்மா சிரித்தார். அன்று சாப்பிட்டார், பாயில் படுத்து நித்திரையும் கொண்டார். நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

அதன் பிறகு பெட்டி வாயே திறக்கவில்லை. ஒரு காலை அம்மா முக்காடிட்டு மாதா கோயிலுக்குப் போய்வந்து, அண்ணையின் ஆத்துமத்துக்குப் பூசை வைக்கப் பங்குச் சுவாமியிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

மாமாவின் முகம் வெளிறிப்போனது. “அவன் செத்ததெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“நீதானே சொன்னனீ, கதைச்சால் திறக்குமெண்டு. திறக்கேல்லையே.”

மாமா ஓடிப்போய்த் திருகைத் தளர்த்தினார். இரைச்சல் வீடு முழுக்கக் கொட்டியது.

“அது மெலிஞ்ச குரலையும் சேர்த்துத்தான் அடைக்கும் அக்கா. நீங்கள் சாப்பிடவேணுமெண்டுதான் நான்... கேளுங்கோ, ஒருக்காக் கேளுங்கோ!”

“நிப்பாட்டு தம்பி,” என்றார் அம்மா. “தலையை இடிக்குது.”

எனக்கு மாமாவில்தான் கோபம் வந்தது. அம்மா இப்போதுதான் சாப்பிடுகிறார், படுக்கிறார். நன்றாக வேலை செய்கிற பெட்டியை எதற்கு இந்த மனுசன் அழுதழுது கெடுக்கிறார் என்று நினைத்தேன்.